போலீஸ் உங்கள் காரை நிறுத்தினால் உங்களுக்கு என்ன உரிமை?

அமெரிக்காவில் கார் ஓட்டத் தொடங்கும் நம்மவர்கள் லைசென்ஸ் கையேட்டை வரி விடாமல் படிக்கிறார்கள். பின்னால் போலீஸ் விளக்கு சுழலும்போது தங்களுக்கு உள்ள உரிமைகளைப் படிப்பவர்கள் குறைவு. அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் ஒரே ஒரு வாக்கியம்தான். அதன் சாரம்: நியாயமற்ற சோதனை கூடாது. கார், செல்போன் எல்லாம் அதற்குள் வந்தது தீர்ப்புகளால். விசாவில் இருப்பவருக்கு இது பொருந்துமா என்று தயங்க வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவின் சீன சலவைக்காரர்கள் தொடுத்த வழக்கில் 1886லேயே உச்ச நீதிமன்றம், சட்டத்தின் சமப் பாதுகாப்பு குடிமக்களோடு நின்றுவிடுவதில்லை என்று சொல்லிவிட்டது.

வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் மூன்றையும் கேட்டால் கொடுத்தாக வேண்டும். இறங்கச் சொன்னால் இறங்கிவிட வேண்டும். ஓட்டுநருக்கு 1977லும் உடன் வருபவர்களுக்கு 1997லும் வந்த தீர்ப்புகள் போலீஸுக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருக்கின்றன. இங்கே வாதாடிப் பயனில்லை.

"உள்ளே கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். அது கேள்வி, உத்தரவு இல்லை. மறுக்கலாம் என்று போலீஸ் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்று 1973இல் தீர்ப்பானது. மரியாதைக்காகச் சொல்லும் 'ஷ்யூர்' சட்டப்படி சம்மதமாகிவிடும். "ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச்" (சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை) என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதையும் மீறித் தேடினால் கையால் தடுக்காதீர்கள். குற்றத்துக்கான வலுவான காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே காரைச் சோதிக்கலாம். காரணம் இருந்ததா என்பதை வக்கீல் பிறகு நீதிமன்றத்தில் கேட்பார். நீங்கள் மறுத்தது அப்போது உதவும்.

விதிமீறலுக்கான டிக்கெட் (அபராதச் சீட்டு) வேலை முடிந்த பிறகு, தக்க சந்தேகம் இல்லாமல் மோப்ப நாய்க்காக உங்களைக் காக்க வைக்கவும் கூடாது. நெப்ராஸ்கா வழக்கொன்றில் ஏழெட்டு நிமிடத் தாமதத்தையே 2015இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. செல்போனைப் பார்க்க வாரண்ட் வேண்டும் என்பது 2014 தீர்ப்பு. சென்னையிலிருந்து திரும்பி விமான நிலையத்தில் இறங்கும்போது இந்தப் பாதுகாப்பை நம்பாதீர்கள். எல்லைச் சோதனைக்கு விதி வேறு.

இதுவரை சொன்னவை நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச அளவு. மாநில நீதிமன்றம் தன் அரசியலமைப்பின்படி அதை உயர்த்தலாம், குறைக்க முடியாது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2002இல் அப்படித்தான் செய்தது: போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்திய காரில், தக்க சந்தேகம் இல்லாமல் சோதனைக்குச் சம்மதம் கேட்பதே கூடாது. நியூ ஜெர்சியின் எடிசன் நகரிலிருந்து டெக்சஸின் டல்லாஸுக்கு மாறுபவர் இந்தப் பாதுகாப்பையும் கூடவே எடுத்துப் போக முடியாது. வேலை மாறும்போது நாம் வரியைக் கணக்குப் பார்க்கிறோம், இதையும் பார்க்க வேண்டும்.

மௌனத்துக்கும் விதி உண்டு. சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாது, மௌன உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை 2013 தீர்ப்பு காட்டியது. பொய் மட்டும் வேண்டாம், அது தனிக் குற்றமாகலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2010இல் வந்த படில்லா தீர்ப்பு. 40 ஆண்டுகளுக்கு மேல் கிரீன் கார்டோடு வாழ்ந்த, வியட்நாம் போரில் பணியாற்றிய ஒருவர், குடியேற்றப் பிரச்சினை வராது என்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாடு கடத்தும் நடவடிக்கை வந்தது. குற்ற வழக்கு வக்கீல் இதைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் கடைத்திருட்டு போன்ற சிறு வழக்கைக்கூட "ஒத்துக்கொண்டு, ஃபைன் கட்டி முடித்துவிடலாம்" என்று நினைக்கக் கூடாது. சிறைத் தண்டனை வரக்கூடிய வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தரும்; குடியேற்ற நீதிமன்றத்தில் அப்படித் தருவதில்லை. அதனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் முன், விசாவுக்கும் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கும் என்ன ஆகும் என்று குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.