கென்டக்கி ஏன் லூயிவிலோடு ஆட மறுத்தது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் லீக் ஆட்டங்கள் போக மீதி ஆட்டங்களை அணிகளே பேசி முடித்துக்கொள்கின்றன. அரசியல் எல்லாம் அந்த மீதியில்தான்.

கென்டக்கி மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். லெக்சிங்டனில் கென்டக்கி பல்கலைக்கழகம், காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் லூயிவில் பல்கலைக்கழகம். 1922-க்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் வழக்கமான சீசனில் மோதிக்கொள்ளவே இல்லை! தேசியப் பட்டத்துக்கான என்.சி.ஏ.ஏ. தொடரில் தவிர்க்க முடியாமல் சந்தித்தது வேறு கதை, 1959-ல் லூயிவில் ஜெயித்தும்விட்டது. பயிற்சியாளர் அடால்ஃப் ரப் காலத்திலிருந்தே மாநிலத்துக்குள் இருக்கும் கல்லூரிகளோடு ஆடக்கூடாது என்பது கென்டக்கியின் கொள்கை. ஜெயித்தால் புதிதாக ஒன்றும் கிடைக்காது, தோற்றாலோ எந்தக் கல்லூரி அணியில் சேரலாம் என்று யோசிக்கும் ஒவ்வொரு உள்ளூர்ப் பள்ளிப் பையனுக்கும் 'லூயிவிலும் நமக்குச் சமம்தான்' என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், இதுதான் கணக்கு.

சரி, பையன்கள் கேட்டார்களா? லூயிவிலில் வளர்ந்த வெஸ் அன்செல்டை ரப் கூப்பிட்டும் அவர் சொந்த ஊர்க் கல்லூரியில்தான் சேர்ந்தார். அப்போது கென்டக்கி அணியில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை, அதை எந்த அட்டவணை ஈடுகட்டும்? அப்புறம் டேரல் கிரிஃபித், அவரும் உள்ளூர்தான், 1980-ல் லூயிவிலுக்கு தேசியப் பட்டமே வாங்கிக் கொடுத்தார்.

லூயிவில் பயிற்சியாளர் டென்னி க்ரம் ஆடலாம் என்றார், கென்டக்கியின் ஜோ பி. ஹால் மசியவில்லை. 1983 மார்ச்சில் நாக்ஸ்வில்லில் என்.சி.ஏ.ஏ. தொடரே இருவரையும் மோதவிட்டது. கடைசி நொடியில் கென்டக்கி சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 18-6 என்று நொறுங்கி, 80-68-ல் தோற்றது. அதற்குமேல் என்ன சாக்குச் சொல்வது? அதே ஆண்டு நவம்பரில் லெக்சிங்டனில் ஆடி 65-44 என்று பழிதீர்த்துக்கொண்டார்கள், அப்படியே ஆண்டுதோறும் ஆடும் வழக்கமாகிவிட்டது. அதனால் கென்டக்கிக்கு நல்ல வீரர்கள் வராமல் போய்விடவும் இல்லை, 1996, 1998, 2012 என்று மூன்று பட்டம். அந்தப் பயம் வீண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேரெதிரான வழக்கமும் இருந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில், கடைசி ஆண்டு படிக்கும் சீனியர் வீரரின் சொந்த ஊர்ப் பக்கம் ஓர் ஆட்டம் வைப்பார்கள். வீட்டுக்காரர்கள் பார்க்கலாம், அந்த வட்டாரத்தில் அடுத்து வளரும் பையன்கள் கண்ணிலும் படலாம். 2015 நவம்பரில் மார்கஸ் பேஜுக்காகப் பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ் தன் அணியை அயோவாவுக்குக் கூட்டிப்போனார், அப்போது அவர்கள் தரவரிசையில் முதலிடம். பேஜ் கை முறிந்து வெளியே உட்கார்ந்திருக்க, நார்தர்ன் அயோவா 71-67 என்று ஜெயித்தது.