புதுக் கார் வாங்கினோம்: கடன் கணக்கு பார்த்த ஆறு வாரம்

எங்கள் பழைய வண்டி 11 வருடம் ஓடிவிட்டது. ஏசி கம்ப்ரஸர் போனபோது மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டதும், இனி இதில் பணம் போட வேண்டாம் என்று வீட்டில் முடிவானது. எந்த மாடல் என்பதில் குழப்பமே இல்லை, இரண்டு டெஸ்ட் டிரைவிலேயே தீர்ந்தது. ஆறு வாரம் இழுத்தது பணக் கணக்குதான். வாங்கப் போகிற யாருக்காவது உதவும் என்று, பட்டதையெல்லாம் அப்படியே எழுதுகிறேன்.

முதல் ஷோரூமில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் வந்த கேள்வி இது: “மாசம் எவ்வளவு கட்டலாம்னு நினைச்சிருக்கீங்க மேடம்?” நானும் யோசிக்காமல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வண்டியின் விலையைப் பற்றிய பேச்சே எழவில்லை. எதைக் கேட்டாலும் பதில் அந்தத் தொகைக்குள் வந்து நின்றது. பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, நீட்டித்த வாரண்டி, சீட் கவர், எல்லாம் சேர்ந்தும் தவணை ஏறவே இல்லை. விற்பனைப் பிரதிநிதி தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தவணையை எழுதி, அதைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்டின் மூலையில் பொடியாக 84 என்று இருந்தது. பேச்சு தொடங்கும்போது 60 மாதம். நடுவில் எப்போது 84 ஆனது என்று எனக்கும் தெரியவில்லை, என் கணவருக்கும் தெரியவில்லை.

அன்று இரவு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். கடன் தொகை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இங்கே எல்லாவற்றையும் ஒரு லட்சம் கடனுக்குச் சொல்கிறேன். உங்கள் தொகைக்கு அப்படியே பெருக்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில், 48 மாதத்துக்குத் தவணை சுமார் 2,489. மொத்த வட்டி 19,450. அதையே 60 மாதம் ஆக்கினால் தவணை 2,076, வட்டி 24,550. 84 மாதம் ஆக்கினால் தவணை 1,609, வட்டி 35,150. தவணை குறைகிறதே என்று 48-இலிருந்து 84-க்குப் போனால், அதே வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வட்டி.

வட்டியைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். 84 மாதக் கடனில் மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் ஒரு லட்சத்தில் சுமார் 64,650 பாக்கி நிற்கும். 60 மாதக் கடனில் அதே மூன்று வருடத்தில் பாக்கி 45,440 ஆகிவிடும். வண்டியின் மதிப்போ முதல் சில வருடங்களில்தான் வேகமாக இறங்கும். நடுவில் ஒரு விபத்தோ, வேலை மாற்றமோ வந்து வண்டியை விற்க வேண்டியிருந்தால், விற்ற பணம் கடனை அடைக்கவே போதாமல் போகலாம். நீட்டித்த வாரண்டியும் பெயின்ட் பூச்சும் அந்தக் கடனுக்குள் சேர்ந்தால் அவற்றுக்கும் ஏழு வருடம் வட்டி. மழைக்கும் வெயிலுக்கும் கரைந்து போகிற ஒரு பூச்சுக்கு ஏழு வருடம் வட்டி கட்ட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது அந்த ஷோரூம் சொன்ன வட்டி. “பேங்க்ல 9 பர்சென்ட் சொல்வாங்க மேடம், நாங்க 7 பர்சென்ட்லயே முடிச்சுத் தரோம்.” என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் வங்கி 9 சதவீதத்துக்குத்தான் ஒப்புதல் கொடுத்திருந்தது. ஆனால் 60 மாதத்துக்கு அவர்கள் போட்ட தவணையை லட்சத்துக்கு இவ்வளவு என்று மாற்றிப் பார்த்தால் 2,250 வருகிறது. வங்கியின் தவணையோ 2,076. குறைந்த வட்டிக்கு எப்படிக் கூடுதல் தவணை வரும்?

எக்செல்லில் ரேட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. மாத எண்ணிக்கை, தவணை, கடன் தொகை மூன்றையும் கொடுத்தால் உண்மையான மாத வட்டியைச் சொல்லிவிடும். 60, பிறகு மைனஸ் 2250, பிறகு 100000. என்டர் தட்டினேன். வெறும் 1 சதவீதம் என்று காட்டியது. ஏதோ தப்பு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போட்டேன், அதே 1 சதவீதம். அப்புறம்தான் தசமப் புள்ளிகளை அது மறைத்து வைத்திருக்கிறது என்று புரிந்தது. விரித்துப் பார்த்தால் 1.04. பன்னிரண்டால் பெருக்கினால் 12.5 சதவீதம்!

அவர்கள் சொன்னது ஃப்ளாட் வட்டி. ஒரு லட்சத்துக்கு வருடம் 7,000, ஐந்து வருடத்துக்கு 35,000, அதை அசலோடு கூட்டி 60-ஆல் வகுத்தால் 2,250. அதாவது, நாம் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கே வட்டி வாங்கும் கணக்கு. ஐந்தாவது வருடம் நம்மிடம் அவர்கள் பணம் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும், ஆனால் வட்டி மட்டும் முதல் வருடத்து அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். மறுநாள் போன் செய்து, “இது ஃப்ளாட்டா, குறையும் வட்டியா?” என்று கேட்டேன். “ஃப்ளாட்தான் மேடம், எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கும் வரை சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கே போனாலும் வட்டி விகிதத்தைக் கேட்டதும் அடுத்த மூச்சில் இதைக் கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசும் முறையையே மாற்றிக்கொண்டோம். அடுத்த ஷோரூமில் தவணையைப் பற்றிக் கேட்டபோது, “கடன் பேச்சு அப்புறம், முதலில் வண்டி விலை” என்று சொல்லிவிட்டேன். வண்டி விலை, வரி, பதிவுச் செலவு, காப்பீடு, இதர கட்டணம் என்று ஒவ்வொன்றும் தனி வரியில் கொட்டேஷன் கேட்டேன். முதலில் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். அதில் “கையாளும் கட்டணம்” என்று ஒரு வரி இருந்தது. எதற்கு என்று கேட்டேன். சரியான பதில் இல்லை, அடுத்த கொட்டேஷனில் அந்த வரியே இல்லை. காப்பீட்டை அதே காப்புத் தொகைக்கு, அதே கூடுதல் பாதுகாப்புகளோடு வெளியே விசாரித்தால் குறைவாக வந்தது. அந்தத் தாளைக் காட்டியதும் ஷோரூமிலேயே அந்த விலைக்கு இறங்கினார்கள்.

பழைய வண்டி விஷயத்தில்தான் ரொம்பக் குழம்பினோம். இரண்டாவது இடத்தில் பழைய வண்டிக்கு நல்ல விலை சொன்னார்கள், மேலே எக்ஸ்சேஞ்ச் போனஸ் வேறு. என் கணவர், “11 வருஷ வண்டிக்கு இதுக்கு மேல யார் தருவா?” என்றார். மூன்றாவது இடத்தில் அதே வண்டிக்குக் கணிசமாகக் குறைத்துச் சொன்னார்கள், எனக்கே வருத்தமாக இருந்தது. ஆனால் இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்து, பழைய சாவியைக் கொடுத்துப் புதுச் சாவியை வாங்க நம் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது என்று மட்டும் பார்த்தபோது, மூன்றாவது இடமே மலிவு. இரண்டாவது இடத்தில் பழைய வண்டிக்கு ஏற்றிக் கொடுத்ததைப் புது வண்டியின் தள்ளுபடியில் குறைத்திருந்தார்கள். பழைய வண்டிக்கு மட்டும் வெளியே ஒரு விலை கேட்டு வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. அதைத் தாமதமாகத்தான் செய்தோம். கடைசியில் பழைய வண்டியைத் தெரிந்தவர் ஒருவருக்கே விற்றோம்.

மூன்றாவது ஷோரூமில் இரண்டு சலுகைகள், ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். ஒன்று, வட்டியே இல்லாத கடன். மற்றது, விலையில் 6 சதவீதத் தள்ளுபடி. வட்டியில்லாக் கடன் என்றதும் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. அதன் நிபந்தனை, வண்டி விலையில் பாதிக்குத்தான் கடன், 24 மாதத்தில் முடிக்க வேண்டும்.

வண்டி விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டியில்லாச் சலுகையில் 50 கையிலிருந்து போகும், மீதி 50-ஐ 24 மாதம் கட்ட வேண்டும், மாதம் 2.08. தள்ளுபடி எடுத்தால் விலை 94. அதே 50-ஐ முன்பணமாகக் கட்டிவிட்டு மீதி 44-ஐ வங்கியில் 9 சதவீதத்துக்கு வாங்கி அதே 24 மாதத்தில் அடைத்தால் மாதம் 2.01. வட்டி கட்டியும் மொத்தம் 98.24 தான் ஆகிறது, வட்டியில்லாத வழியில் 100. சலுகையின் பலன் பாதித் தொகைக்கு மட்டும், தள்ளுபடியோ முழு விலைக்கும். ஆசையைப் பிடித்து வைத்தது இந்தக் கணக்குதான். முழு விலைக்கும் கடன் கொடுத்திருந்தாலோ, 36 மாதம் கொடுத்திருந்தாலோ விடை மாறியிருக்கும். அதனால் உங்களுக்கு வரும் சலுகையை உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பாருங்கள். ப்ராசசிங் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வட்டியில்லாக் கடனிலும் அது இருந்தது.

பணம் கட்டும் முன் எங்களுக்கு ஒதுக்கிய வண்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். ஊருக்கு வெளியே இருக்கும் யார்டுக்கு அழைத்துப் போனார்கள். வண்டி மேலெல்லாம் தூசி. குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். நீளமான குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. விரலால் தூசியைத் துடைத்தால், முந்தைய வருடத்து டயர். டயரை வைத்து வண்டியின் வயதை முடிவு செய்ய முடியாது என்பதால் கதவுத் தூண் பக்கத்தில் இருந்த தகட்டையும் பார்த்தோம். வண்டியும் முந்தைய வருடத் தயாரிப்புதான். 6 சதவீதத் தள்ளுபடி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

நான் கோபப்படவில்லை. “இது போன வருஷ வண்டி, இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும். இந்த வருஷ வண்டி கொடுங்க, இல்லைன்னா இன்னும் குறைங்க” என்றேன். மேலாளரைக் கேட்டுவிட்டு இன்னும் 2 சதவீதம் இறக்கினார்கள். விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள். மூன்று வருடத்தில் மாற்றப் போகிறவர் என்றால் இந்த வண்டியை வேண்டாம் என்றே சொல்வேன். நாங்கள் பத்து வருடம் ஓட்டப் போகிறோம், அதனால் எடுத்துக்கொண்டோம். பேட்டரியைச் சோதித்து, டயர்களில் காற்றைப் பார்த்து, வாரண்டி டெலிவரி நாளிலிருந்துதான் தொடங்கும் என்று எழுத்தில் வாங்கினோம்.

கடனை 48 மாதத்துக்கு எங்கள் வங்கியிலேயே எடுத்தோம். இன்னொரு இடத்தில் 8.75 சதவீதம் சொன்னார்கள், ஆனால் முன்கூட்டியே அடைத்தால் அபராதம். அடுத்த வருடம் ஒரு தொகை கைக்கு வர இருக்கிறது, அதைக் கடனில் போடலாம் என்று திட்டம். அதனால் அபராதம் இல்லாத 9 சதவீதமே எங்களுக்கு லாபம். தவணை கட்டுப்படியாகுமா என்ற பயம் எனக்கில்லை, ஏனென்றால் அந்தத் தொகையை மூன்று மாதம் முன்பிருந்தே தனிக் கணக்கில் போட்டுப் பார்த்துவந்தோம். முதல் மாதம் மூச்சு முட்டியது. இரண்டாவது மாதத்தில் எதைக் குறைக்கலாம் என்று தெரிந்துவிட்டது. சேர்ந்த பணம் முன்பணத்தோடு சேர்ந்துகொண்டது.

கையெழுத்துப் போடும் நாளில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினேன். கடனுக்கான ஆயுள் காப்பீடு என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது, பிரீமியம் கடன் தொகையோடு சேர்ந்திருந்தது. எங்கள் இருவருக்கும் ஏற்கனவே அதைவிடப் பெரிய காப்பீடு இருக்கிறது. இது கட்டாயமா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். அடித்துவிட்டு, திருத்திய தொகையோடு புதுத் தாள் வாங்கிக் கையெழுத்திட்டேன். அதற்கு இன்னும் நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. என் கணவர் வெளியே போய்ப் புது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

முதல் தவணை போன வாரம் கணக்கிலிருந்து போனது. இன்னும் 47 இருக்கிறது.