போனே தோள்ல வெச்ச கை

2019 ஜூலை 26, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ், 19வது ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்). பிரான்ஸ்காரன் தீபோ பினோ சைக்கிள ஓட்டிக்கிட்டே அழறான். ரெண்டு நாளைக்கு முன்னாடி ஒரு விழுகைலேர்ந்து தப்பிக்கப் போய் முட்டி ஹேண்டில்பார்ல இடிச்சதுல இடது தொடை தசை கிழிஞ்சிருக்கு, டாக்டர் கார்கிட்ட போய் கட்டு போட்டு பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல, மொத்தக் கூட்டமும் முன்னாடி போயிடுச்சு. பக்கத்துல ஒரே ஒரு ஆள் மட்டும் கூடவே போறான், அவன் டீம்மேட் வில்லியம் போனே. தோள்ல கை வெச்சு என்னமோ சொல்லிக்கிட்டே வர்றான். நானும் டீவி முன்னாடி உக்காந்து அழுதேன்.

ஏன் அவ்ளோ வலிச்சதுன்னா, அந்த வருஷம் பினோதான் ஜெயிப்பான்னு நான் நிஜமாவே நம்புனேன். பிரான்ஸ்காரன் ஒருத்தன் கடைசியா டூர் ஜெயிச்சது 1985ல, பெர்னார் ஈனோ. அதுக்கப்புறம் 34 வருஷம் யாருமே இல்ல. அல்பி போற ஸ்டேஜ்ல பக்கக் காத்து அடிச்சு கூட்டம் துண்டு துண்டா பிரிஞ்சதுல பினோ 1 நிமிஷம் 40 செகண்ட் விட்டுட்டான், முகத்த பாக்கவே முடியல. அஞ்சே நாள்ல தூர்மலே மலை உச்சில ஸ்டேஜ ஜெயிச்சான்! அன்னைக்கு மலையில பினோவோட டீம்மேட், 22 வயசு டேவிட் கோது முன்னாடி போய் இழுத்த இழுப்பு இருக்கே, பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வரிசையா கழண்டு பின்தங்கிட்டாங்க. 19வது ஸ்டேஜ் ஆரம்பிக்கும்போது மஞ்சள் ஜெர்சில (மொத்த டைம்ல முதல்ல இருக்கறவன் போடுறது) இருந்த இன்னொரு பிரான்ஸ்காரன் அலாஃபிலிப்புக்கும் பினோவுக்கும் வெறும் 1 நிமிஷம் 50 செகண்ட்தான் வித்தியாசம், இன்னும் ஆல்ப்ஸ் மலை பாக்கி.

சைக்கிள் ரேஸ தனி ஆள் போட்டின்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இது முழுக்க முழுக்க டீம் விளையாட்டு. ஒரு டீமுக்கு 8 பேரு, அதுல ஒருத்தன் லீடர், மத்தவங்க அவனுக்கு ஒழைக்க வந்தவங்க, டொமெஸ்டிக்னு பேரு. முன்னாடி போறவன் காத்த வாங்கிக்கிறான், ஒட்டிக்கிட்டு பின்னாடி வர்றவனுக்கு கால்ல சக்தி மிச்சம். டீம் கார் வரைக்கும் பின்வாங்கி, ஜெர்சிக்குள்ள முதுகு பக்கம் பாட்டில் பாட்டிலா சொருகிக்கிட்டு, திரும்ப முன்னாடி மிதிச்சு வந்து ஒவ்வொருத்தனுக்கா குடுக்கணும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை! லீடர் டயர் பஞ்சர்னா தன்னோட வீல கழட்டி குடுக்குறதும் உண்டு. ஜெயிச்ச காசையும் லீடர் தனியா வெச்சுக்கறதில்ல, டீம்ல எல்லாரும் பிரிச்சுக்கறதுதான் வழக்கம்.

போனே அப்படிப்பட்ட ஆள்தான். சமவெளில பினோவ காத்து படாம கொண்டு போய் மலை அடிவாரத்துல விடுறது அவன் வேலை. 2015 டூர்ல மூணாவது ஸ்டேஜ்லயே பயங்கரமா விழுந்து கழுத்தெலும்பு முறிஞ்சுது, அதுலேர்ந்து எழுந்து திரும்ப அதே வேலைக்கு வந்தவன். இவங்க ரெண்டு பேரோட க்ரூபாமா எஃப்டிஜே டீம் எனக்கு புடிச்சதுக்கு காரணமே இந்த மாதிரி ஆளுங்கதான், அப்புறம் அப்போ மேனேஜரா இருந்த மார்க் மாடியோ. 2012ல பினோ முதல் டூர்லயே ஸ்டேஜ் ஜெயிச்சப்போ மாடியோ கார் ஜன்னல்ல பாதி ஒடம்ப வெளிய விட்டு கத்துனத பாத்தா பெத்த அப்பன்தான் கத்துறான்னு நெனைப்பீங்க.

அந்த 19வது ஸ்டேஜ் கடைசில முடியவே இல்ல, ஆலங்கட்டி மழை, ரோட்ல மண்ணு சரிஞ்சு நடுவுலயே நிறுத்திட்டாங்க, வழியில இருந்த ஈஸ்ரான் மலை உச்சில எடுத்த டைம வெச்சு மஞ்சள் ஜெர்சி அலாஃபிலிப்கிட்டேர்ந்து கொலம்பியாக்காரன் பெர்னாலுக்கு போச்சு. பினோ, அலாஃபிலிப்னு பிரான்ஸோட ரெண்டு நம்பிக்கையுமே ஒரே மத்தியானத்துல போயிடுச்சு.

பினோவோட கடைசி டூர் 2023. 20வது ஸ்டேஜ் அவன் ஊர்ப்பக்கம் வோஜ் மலைல. பெட்டி பாலோன் ஏத்தத்துல ஒரு வளைவு முழுக்க அவன் ரசிகருங்க, பேரே பினோ வளைவு, அங்க அவன் தனியா முன்னாடி வந்தான், புகையும் கொடியும் கத்தலும், ரோடே தெரியல. பின்னாடி வந்து புடிச்சிட்டாங்க, ஸ்டேஜ ஸ்லோவேனியாக்காரன் பொகாச்சார் ஜெயிச்சான். அந்த வீடியோவ எத்தனை தடவை போட்டு பாத்தேன்னு கணக்கே இல்ல. 2019 வீடியோ மட்டும் போனே கை வெக்கிற எடத்தோட நிறுத்திடுவேன், பினோ எறங்கி கார்ல ஏறுறத இன்னும் என்னால பாக்க முடியல.