உள்ளகச் சோதனைச் சேவையகம் அமைத்த கதை

வலைப்பக்கத்தின் கோப்பை இருமுறை சொடுக்கி உலாவியில் திறந்து பார்த்தால் போதும் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பக்கத்தின் உள்ளடக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல்லும் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸும் மட்டும் இருந்தவரை அது போதுமானதாகவும் இருந்தது. தொடர்புப் படிவம் ஒன்றுக்காக முதன்முதலில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியபோது, படிவத்துக்குப் பதிலாக நான் எழுதிய நிரல் வரிகளே துண்டு துண்டாகத் திரையில் வந்து நின்றன. உலாவிக்குப் பிஎச்பி தெரியாது. பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் சேவையகம்தான் அதை இயக்கி, விளைவை மட்டும் எச்டிஎம்எல்லாக அனுப்ப வேண்டும். சில நாட்கள் ஒவ்வொரு திருத்தத்தையும், தளம் இணையத்தில் இருக்கும் வாடகைச் சேவையகத்தில் ஏற்றிப் பார்த்தேன். ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டதால் தளம் முழுவதும் வெள்ளைத் திரையாகக் கிடந்த அன்று, என் கணினியிலேயே ஒரு சோதனைச் சேவையகத்தை அமைத்துவிடுவதென்று முடிவு செய்தேன்.

விண்டோஸ் கணினி என்பதால் எக்ஸாம்ப் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். வலைச்சேவையகமான அப்பாச்சி, தரவுத்தளமான மரியாடிபி, நிரல்மொழிகளான பிஎச்பி, பெர்ல் ஆகிய நான்கும் அதில் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. நிறுவுவதில் சிரமம் எதுவுமில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் மரியாடிபிக்கு அதன் மூலமான மைஎஸ்க்யூஎல்லின் பெயரே இருப்பதைப் பார்த்துக் குழம்பாமல் இருந்தால் சரி.

சிரமம், அப்பாச்சியைத் தொடங்கும் பொத்தானை அழுத்தியபோது ஆரம்பித்தது. ஒரு நொடி பச்சையாக மாறிய பெயர் உடனே அணைந்துவிட்டது. இரண்டு முறை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனெனில் காரணம் பலகையின் கீழ்ப்பகுதியிலேயே சிவப்பு எழுத்தில் இருந்தது: வலைச்சேவையகம் கோரிக்கைகளுக்காகக் காத்திருக்கும் வாயிலான 80ஆம் போர்ட்டை வேறொரு நிரல் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. ஒரு போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் காத்திருக்க முடியும். கட்டளைச் சாளரத்தில், எந்தப் போர்ட் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை இயக்கியதில், அந்தப் போர்ட் 4 என்ற செயல் எண்ணிடம் இருப்பது தெரிந்தது. அது இயங்குதளத்தின் எண். என்றைக்கோ நான் வேறெதற்காகவோ இயக்கிவைத்து மறந்துபோன ஒரு வலைச்சேவை அதன் வழியாகப் போர்ட்டைப் பிடித்திருந்தது. அதை நிறுத்தியதும் அப்பாச்சி எழுந்து நின்றது. நிறுத்த விரும்பாதவர்கள் அமைப்புக் கோப்பில் போர்ட்டை 8080 என்று மாற்றிக்கொள்ளலாம். முகவரியில் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைச் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அதே அமைப்புக் கோப்பில் நான் வேறொரு மாற்றம் செய்தேன். அப்பாச்சி இயல்பாகக் கணினியின் எல்லா வலையமைப்பு முகவரிகளிலும் காத்திருக்கிறது. தரவுத்தளத்தில் எல்லா உரிமையும் கொண்ட ரூட் பயனருக்கோ கடவுச்சொல்லே கிடையாது. பொது வைஃபையில் மடிக்கணினியைத் திறந்து வேலை செய்பவர்களுக்கு இந்த இரண்டும் சேர்வது நல்லதல்ல. ஆகவே இதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் அப்பாச்சி காத்திருக்கும்படி, அதற்கான வரியைத் திருத்தினேன்.

அடுத்து, ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பெயர் வேண்டும் என்பதற்காக ஒரே அப்பாச்சியில் பல தளங்களை நடத்த உதவும் மெய்நிகர் ஹோஸ்ட் அமைப்புக்குப் போனேன். பழைய வழிகாட்டி ஒன்றைப் பின்பற்றி, டாட் டெவ் என்று முடியும் பெயரை, எந்தப் பெயர் எந்த முகவரிக்குரியது என்று கணினிக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதினேன். நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறக்காததால், அந்தக் கோப்பு முதலில் டிஎக்ஸ்டி என்ற வாலோடு வேறிடத்தில் சேமிக்கப்பட்டது தனிக்கதை. அதைச் சரிசெய்த பிறகும் உலாவி பாதுகாப்பான இணைப்பைக் கேட்கும் எச்டிடிபிஎஸ் முகவரிக்கே தாவித் தாவிச் சென்று, இணைப்பு பாதுகாப்பற்றது என்று மறுத்தது. டாட் டெவ் என்பது உண்மையாகவே பதிவு செய்யத்தக்க மேல்நிலைப் பெயர் என்பதும், 2017 இறுதியிலிருந்தே குரோம் அதை எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே திறக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. சோதனைக்கென்றே 1999இல் ஒதுக்கப்பட்ட டாட் டெஸ்ட் இருக்கும்போது வேறெதற்கும் போக வேண்டியதில்லை. பெயரை மாற்றியதும் அனுமதி மறுக்கும் 403 பிழை வந்தது: தளத்தின் அடைவு, எக்ஸாம்ப் இயல்பாகப் பக்கங்களைத் தேடும் எச்டிடாக்ஸுக்கு வெளியே இருந்ததால், அதற்கு அனுமதி வழங்கும் வரியைத் தனியே எழுத வேண்டியிருந்தது. அதையும் எழுதியபின் தளம் திறந்தது. ஆனால் இதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரைத் தட்டினாலும் அதே தளம் வந்தது. பெயர் எதனோடும் பொருந்தாதபோது அப்பாச்சி முதலில் எழுதப்பட்ட மெய்நிகர் ஹோஸ்டையே காட்டும் என்பதால், லோக்கல்ஹோஸ்டுக்கும் ஒரு பதிவை எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணித் தளத்தை வாடகைச் சேவையகத்தில் ஏற்றினேன். அங்கே இலச்சினைப் படம் தெரியவில்லை. நான் சோதனைக்காகப் பதிவு செய்து பார்த்த தமிழ்ப் பெயர்கள் அனைத்தும் கேள்விக்குறிகளாக நின்றன. படத்தின் பெயரில் முதலெழுத்து பெரிய எழுத்தாகவும், நிரலில் சிறிய எழுத்தாகவும் இருந்தது. விண்டோஸ் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். வாடகைச் சேவையகத்தில் ஓடும் லினக்ஸ் வெவ்வேறாகக் கொள்ளும். கேள்விக்குறிகளுக்குக் காரணம், தரவுத்தளம் எந்தெந்த எழுத்துகளைச் சேமிக்கும் என்று வரையறுக்கும் எழுத்துத்தொகுதி. என் கணினியில் அட்டவணைகள் யுடிஎஃப்8எம்பி4 என்ற தொகுதியில் உருவாகியிருந்தன. அங்கோ இயல்பிருப்பு லத்தீன்1. அந்தத் தொகுதியில் தமிழுக்கு இடமில்லை என்பதால் எழுத்துகள் சேமிக்கப்படும்போதே அழிந்துவிட்டன, அவற்றை மீட்க வழியும் இல்லை. நல்லவேளையாக அவை சோதனைப் பதிவுகள்.

உண்மையில் சேவையகம் அமைக்கும் வேலையில் பாதி அதற்குப் பிறகுதான் நடந்தது. வாடகைச் சேவையகத்தின் பிஎச்பி பதிப்பு எண், தரவுத்தளப் பதிப்பு, எழுத்துத்தொகுதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, என் கணினியில் இருந்தவற்றை அவற்றுக்கு ஏற்ப மாற்றினேன். அட்டவணை உருவாக்கும் கட்டளைகளிலும் தரவுத்தள இணைப்பிலும் யுடிஎஃப்8எம்பி4 என்பதை வெளிப்படையாக எழுதினேன். விண்டோஸை மட்டும் மாற்ற முடியவில்லை. அதனால் எல்லாக் கோப்புப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டுத் தளத்தை மறுபடி ஏற்றினேன். படம் தெரிந்தது, புதிதாகப் பதிவு செய்த பெயர்களும் தமிழிலேயே இருந்தன.