அமில்கர் கப்ரால்: மண்ணை அறிந்த விடுதலைத் தலைவர்

அமில்கர் கப்ராலை எண்ணும்போதெல்லாம், போர்ப்படைத் தலைவரைவிட, வயல்வெளிகளில் அலைந்து திரிந்த வேளாண் அறிஞரே என் கண்முன் நிற்கிறார். 1924-இல், மேற்கு ஆப்பிரிக்காவில் போர்ச்சுகலின் காலனியாக இருந்த போர்த்துகீசியக் கினியின் (இன்றைய கினி-பிசாவ்) பஃபாட்டா ஊரில், கேப் வெர்டே தீவுகளைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்து, லிஸ்பனில் வேளாண்மை பயின்ற அவர், 1953-இல் காலனி அரசுக்காகவே ஒரு வேளாண் கணக்கெடுப்பை வழிநடத்தினார். எந்த இனக்குழு எந்த நிலத்தில் எதை விளைவிக்கிறது, உழைப்பவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையெல்லாம் நேரில் கண்டறிந்த அந்த அனுபவமே அவருடைய அரசியலுக்கு அடித்தளமாயிற்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1956-இல், கினி, கேப் வெர்டே ஆகிய இரு காலனிகளின் விடுதலைக்காக அவருடைய கட்சி (PAIGC) உருவானது. 1959 ஆகஸ்ட் 3 அன்று பிசாவ் நகரின் பிஜிகிட்டி துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1963-இல் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. ஆயினும் என்னை மிகவும் ஈர்ப்பது, போர் நடந்துகொண்டிருக்கும்போதே விடுவிக்கப்பட்ட பகுதிகளில் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் மக்கள் கடைகளையும் அவருடைய இயக்கம் நிறுவியதுதான். மக்களிடம் பொய் சொல்லாதீர்கள், எளிய வெற்றிகளைப் பறைசாற்றாதீர்கள் என்று 1965-இல் தம் தோழர்களுக்கு அவர் அறிவுறுத்தினார். வெற்றிச் செய்திகளுக்கு ஏங்கும் போர்க்காலத்தில் ஒரு தலைவர் இவ்வாறு கூறுவது அரிது.

1973 ஜனவரி 20 அன்று, அண்டை நாடான கினியின் தலைநகர் கொனாக்ரியில், தம் கட்சியைச் சேர்ந்தவர்களாலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டே மாதங்களில், செப்டம்பர் 24 அன்று, கினி-பிசாவ் தன் விடுதலையை அறிவித்தது. அந்த நாளைக் காண அவர் இல்லையே என்று இன்றும் மனம் கனக்கிறது. கேப் வெர்டே 1975-இல் விடுதலை பெற்றது. இரு நாடுகளும் இணைய வேண்டும் என்ற அவருடைய கனவோ 1980-இல் பிசாவில் நடந்த இராணுவக் கவிழ்ப்போடு முறிந்துபோனது.