தேதியைக் கேட்கிற வேலை

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில், நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசுவது என் வேலை. வருகிறவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள் இல்லை. பாம்பன்காரர் ராமநாதபுரம் வருவார், ராமநாதபுரத்துக்காரர் மதுரைக்குப் போவார். சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் அடுத்த தெருக்காரராக இருப்பார், சிஸ்டர் சொந்தத்தில் ஒருத்தியாக இருப்பாள். சம்மதம் இல்லாமல் இந்த டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் பலருக்கு வாயே திறக்கும்.

திறந்ததும் வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "இது கரெக்டா காட்டுமா மேடம்? மதுரையில பெரிய லேப்ல எடுத்தா இன்னும் நல்லதா?" நான் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான். என்றைக்கு நடந்தது, தேதி சொல்லுங்க.

மூன்று நாளுக்குள் என்றால் டெஸ்ட் பேச்சு அப்புறம்தான். முதலில் டாக்டரிடம் போக வேண்டும். ஆபத்து உண்டு என்று அவர் முடிவு செய்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பெப் என்போம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கையில் ஊசி குத்திக்கொண்ட சிஸ்டர்களுக்கு இது தெரியும். கொச்சிக்கும் மங்களூருக்கும் போட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அவர்கள் ஊர் திரும்பி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு என் முன்னால் வந்து உட்காரும்போது அந்த நேரம் போயிருக்கும். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். 1097 என்று ஓர் இலவச எண் இருக்கிறது, பேர்கூடச் சொல்ல வேண்டாம். அதில் கேட்டிருந்தாலே போதும்.

மூன்று நாள் தாண்டிவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். எங்கள் மையத்தில் விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் செய்கிற டெஸ்ட், கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது உண்டாக நாள் பிடிக்கும். நேற்று நடந்ததற்கு இன்று டெஸ்ட் எடுத்தால், அது நேற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆறு வாரத்தில் இல்லை என்று வந்தால் பெரிய ஆறுதல், மூன்று மாதத்தில் இல்லை என்றால் இல்லைதான். பெரிய லேப்களில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட், கிருமியின் பி24 புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பதால், 18 நாளிலிருந்து 45 நாளுக்குள் பிடித்துவிடும். ஆக, பெரிய லேபுக்குப் போனால் தேதி கொஞ்சம் முன்னால் வரும். தேதியே இல்லாமல் போகாது.

தடைக்காலத்தில் வந்த ஒரு தம்பி நினைவுக்கு வருகிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். வெளியூரில் ஒரு ராத்திரி நடந்தது, மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. உப்புத்தண்ணியிலும் வலையிலும் புண்ணான கையை நீட்டி, "இது அந்த நோயோட புண்ணா அக்கா?" என்றான். வருஷம் முழுக்க இருக்கிற புண், இப்போதுதான் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. காய்ச்சல், தடிப்பு, நாக்கில் வெள்ளை எதையும் வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நாள் கணக்கை விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நண்டு வலையப் போட்ட கையோட தூக்கிப் பாக்குற மாதிரி இருக்கு நான் செய்யிறது" என்றான். அதைவிட நன்றாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

அவனுடைய உண்மையான பயம் வேறு. மனைவியிடம் என்ன சொல்லி விலகி இருப்பது? மூன்று மாதம் முடியும்வரை ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது, ரத்ததானமும் செய்யக் கூடாது. இதைக் கேட்டதும் அழுதுவிட்டான். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசித்தான் பலர் ஆணுறையைத் தொடங்குகிறார்கள், அது உதவும் என்றேன். உண்மையைச் சொல்வதா, எப்போது என்பதை அவனிடமே விட்டேன். மூன்று மாதம் கழித்து டெஸ்டில் இல்லை என்று வந்தது.

வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல் பரிசோதனைக்குப் போய், ஒரே டெஸ்டில் 'ரியாக்டிவ்' என்று எழுதிய சீட்டோடு ஓடி வருகிற இளைஞர்களும் உண்டு. ஒரு டெஸ்டை வைத்து நாங்கள் யாருக்கும் இருக்கிறது என்று சொல்வதில்லை. முதல் கிட்டில் கோடு விழுந்தால் வேறு இரண்டு வகைக் கிட்டுகளில் பார்ப்போம். மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ். எந்த டெஸ்டும் எப்போதாவது இல்லாததை இருப்பதாகக் காட்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மூன்றும் ஒத்துப்போனவர்களுக்கும் மாத்திரை இலவசம், அன்றைக்கே பதிவு செய்து அனுப்புகிறோம். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் பல வருஷமாகக் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருகிறவர்கள், தேதி எப்போதோ தாண்டியும் நம்ப மறுக்கிறவர்கள். ஒரு கடைக்காரர். நடந்து ஒரு வருஷத்துக்கு மேல். எங்களிடமும் வெளியிலும் எடுத்த எல்லா டெஸ்டிலும் இல்லை. முடிவு வந்த அன்று நிம்மதியாகப் போவார், இரண்டு வாரத்தில் "ரத்தம் மாறியிருக்குமோ" என்று வந்து நிற்பார். எடையும் குறைந்துவிட்டது, அதையே நோய் என்றார். இனி ரத்தம் எடுக்க மாட்டேன், மனநல டாக்டரைப் பாருங்கள் என்றேன். முகம் கறுத்துவிட்டது. "என்னைய ஏர்வாடிக்கு அனுப்பப் பாக்குறீங்களா?"

இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு எடை அதிகம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநல விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் செத்தார்கள். மனநோய் என்றாலே இங்கே சங்கிலிதான் கண்ணுக்குள் வரும். தூக்கம் போய், சாப்பாடு போய், ஒரே நினைப்பில் கிடக்கிற மனுஷனுக்கும் அந்தப் பேரைக் கேட்டால் அதே நடுக்கம்தான். அவரிடம் நான் வாதாடவில்லை. வாரத்தில் ஒருநாள் வெளி நோயாளிப் பிரிவில் உட்காருகிற டாக்டர், சீட்டு வாங்கினால் பத்து நிமிஷம், படுக்கை இல்லை, பூட்டு இல்லை என்று மட்டும் சொல்லி, அந்த அறை வாசல்வரை கூடவே நடந்தேன். பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்தார், தூக்கம் திரும்பியது. நடுவில் இரண்டு முறை மறுபடி டெஸ்ட் கேட்டு வந்தார், நான் எடுக்கவில்லை. உட்காரவைத்துப் பேசி அனுப்பினேன். இப்போது மாதம் ஒருமுறை அந்த டாக்டரிடம் போகிறார்.