லைட்டைப் பாத்து கை வைக்கிற மிஷின் – எங்க அத்தை ஃபிசியோ கதை

கோத்தகிரியில இருந்து கோயமுத்தூருக்கு ஃபிசியோவுக்குன்னு இறங்கிப் போற குடும்பங்கள்ல நாங்களும் ஒண்ணு, அதனால "அந்த லைட் போர்டு நெஜமாவே உதவுதா, அதுக்காக இவ்ளோ தூரம் போகணுமா"ன்னு யாராவது கேட்டுட்டே இருக்காங்க. மொத்தமா இங்கயே சொல்லிடறேன்.

சுவத்துல ஒரு பெரிய போர்டு இருக்கும். டைனவிஷன்னு ஒரு மாடல்ல வட்டம் வட்டமா 64 பட்டன். எதுல லைட் எரியுதோ அதைக் கையால அடிக்கணும், உடனே அது அணைஞ்சு வேற எங்கயோ எரியும், எவ்ளோ நேரத்துல அடிச்சோம்னு மிஷினே கணக்கு வச்சுக்கும். மொதல்ல விளையாட்டு வீரர்களுக்குன்னு வந்தது, அப்பறம்தான் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) பக்கம் வந்துச்சு.

எங்க அத்தைக்கு (வீட்டுக்காரரோட அம்மா) வலது பக்க மூளையில அடைப்பு வந்து ஸ்ட்ரோக். இடது கையும் காலும் விழுந்துட்டது எல்லாருக்கும் தெரிஞ்சுது, ஆனா தட்டுல வலது பக்க சோறு மட்டும் காலியாகி இடது பக்கம் பொரியல் அப்படியே கெடக்கும், கேட்டா "நீ எங்க கண்ணு பொரியல் வச்ச?"ன்னு எங்கிட்டயே சண்டைக்கு வருவாங்க. கண்ணுல கோளாறு இல்ல. இதுக்கு நெக்லெக்ட்னு பேரு. பாதிப் பார்வையே போயிடற ஹெமியனோபியா வேற, அதுல நெறைய பேருக்கு தனக்கு ஒரு பக்கம் தெரியலன்னு நாளாக ஆக புரிஞ்சு தலையத் திருப்பி சமாளிச்சுக்குவாங்க. நெக்லெக்ட்ல அப்படி ஒரு பக்கம் இருக்கறதையே மூளை கண்டுக்காது, அப்பறம் எதுக்கு திரும்பிப் பாக்கணும்?

போர்டுல அதுக்குத்தான் வேலை. ஃபிசியோ தம்பி போர்டோட இடது ஓரத்துல செவப்பு டேப் ஒட்டிட்டு, "மொதல்ல டேப்பைப் பாருங்கம்மா, அங்கிருந்து தேடிட்டு வாங்க"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு. மொதல்ல நல்ல கையால மட்டும், அப்பறம் வலது கையால இடது கையப் புடிச்சு, கடைசியா அவரு முழங்கையத் தாங்கிக்க இடது கை தனியா. ஸ்கோர் ஏறும்போது அத்தைக்கு வந்த சந்தோஷத்தை நான் கொறைச்சு சொல்ல மாட்டேன், வெறும் எக்சர்சைஸ்னா பத்து நிமிஷத்துல முகத்தைத் திருப்பிக்கறவங்க அங்க இன்னொரு ரவுண்டு கேப்பாங்க.

ஆனா போர்டுல ஸ்கோர் ஏறினா வாழ்க்கையிலயும் ஏறும்னு நெனைக்காதீங்க. ஸ்ட்ரோக்குக்கு அப்பறம் கார் ஓட்டறதுக்கு டைனவிஷன் உதவுமான்னு ஆஸ்திரேலியாவுல பாத்தாங்க, 2009-ல வந்த அந்த சின்ன ஆய்வுல ரோட்டுல ஓட்டிக் காட்டற டெஸ்ட்ல பெரிய வித்தியாசம் தெரியல. அதே மாதிரி 2016-ல லான்செட் நியூராலஜிங்கற மருத்துவ இதழ்ல ஸ்ட்ரோக் வந்த 141 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு குரூப்புக்கு கைய ஆட்டி விளையாடற வீ (Wii) வீடியோ கேம், இன்னொண்ணுக்கு சீட்டுக்கட்டு, பந்து விளையாட்டு, கை தேறினதுல ரெண்டு குரூப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மிஷின் வேஸ்ட்னு சொல்லல. கண்ணு தேடி கை போய் எட்டற அந்த வேலைய திரும்பத் திரும்ப செய்யணும், அது மிஷின்லதான் நடக்கணும்னு இல்ல, அவ்ளோதான்.

ஃபிசியோ தம்பிதான் "அம்மா முன்னாடி என்ன வேலை பாத்தாங்க"ன்னு கேட்டாரு. எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க. ரெண்டு இலை ஒரு மொட்டு, கண்ணால தேடி ரெண்டு கையாலயும் பறிக்கணும், இதைவிட நல்ல பயிற்சி எங்க போய் வாங்கறது! வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தேயிலைச் செடி முன்னாடி சேர் போட்டு உக்கார வச்சு, இடது ஓரத்துல செவப்புத் துணி கட்டி அங்கிருந்து ஆரம்பிக்கச் சொன்னோம். நான் முத்தின இலையப் பறிச்சா திட்டு வேற.

கண்ணாடி வச்சும் ஒண்ணு செய்யலாம், நல்ல கையோட பிம்பத்தைப் பாத்துட்டே ரெண்டு கையையும் அசைக்கறது. நம்ம தமிழ்நாட்டுல பொறந்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கையையே இழந்தவங்களுக்கு அந்த இல்லாத கையில வர்ற வலிக்குக் கண்டுபிடிச்ச வழி, 1999-லயே ஸ்ட்ரோக்குக்கும் பாத்திருக்காங்க. ஆனா ஃபிசியோ ஒருதடவை காட்டிக் குடுத்த பின்னாடி செய்யுங்க.

மலை இறங்க முடியாதவங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே ஃபிசியோ வர்ற ஏற்பாடு இருக்கு. எதைச் செஞ்சாலும் விழுந்த கையப் புடிச்சு இழுத்து மட்டும் தூக்கி விடாதீங்க, தோள்பட்டை எறங்கிடும்.